சிறுநீரகம் மாற்றிய குழந்தைக்கு ரத்த அணுக்கள் குறைந்தால் எந்த மருந்தைச் சந்தேகிப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். எட்டு வயது மகளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன் அம்மாவின் சிறுநீரகம் பொருத்தப்பட்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் ஓடுகின்றன. தொற்று வராமல் இருக்க கோ-ட்ரைமாக்சசோலும் வால்கான்சிக்ளோவிரும். போன மாதம் 10.8 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 7.1. மொத்த வெள்ளணு 2,300, அதில் பாலிமார்ஃப் (நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை) 31 சதவீதம். தட்டணுக்கள் 1.9 லட்சம். உயரம் 120 செ.மீ., எடை 24 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவின் ரத்த அளவு) 0.8. மருந்தால் அபூர்வமாக வரும் ரத்தப் பக்கவிளைவாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எந்த மருந்து என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். ஆபத்து என்பதால் மட்டும் சொல்லவில்லை, அந்தச் சோதனையால் எதுவுமே தெரியவராது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். குற்றவாளி மருந்தை இன்று நிறுத்தினாலும் ஹீமோகுளோபின் எழுந்திருக்க வாரங்கள் ஆகும். நியூட்ரோஃபில்கள் கொஞ்சம் வேகமாக மீளும், அதற்கும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் வேண்டும். இரண்டு நாளில் எண்ணிக்கை அசையாது, அதைப் பார்த்து ‘இந்த மருந்து இல்லை’ என்று தப்பாக முடிவு கட்டுவீர்கள். அதற்குள் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும், பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கத் தொடங்க சில நாட்கள் போதும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மாற்று அறுவை மையம் எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் செய்யக்கூடியது, சரியான பரிசோதனைகள் சரியான வரிசையில் நடக்கின்றனவா என்று பார்ப்பது. குழந்தையை நேரில் பார்க்காமல், ரத்தத் துளியைப் பூசிய ஸ்மியர் கண்ணாடியை நுண்ணோக்கியில் பார்க்காமல் யாராலும் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்த வழியில் யோசிப்பார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லலாம்.

முதலில் எண்ணைச் சரியாகப் படிப்போம். மொத்த வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவதோ ஆறுதல் அடைவதோ பயன் தராது. நியூட்ரோஃபில்களின் நேர் எண்ணிக்கைதான் முக்கியம், ஏஎன்சி என்பார்கள். மொத்த வெள்ளணுவை பாலிமார்ஃப் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் கிடைக்கும். உங்கள் மகளுக்கு 2,300 பெருக்கல் 31, வகுத்தல் 100, அதாவது 713. 1,500-க்குக் கீழே என்றால் குறைவு, 1,000-க்குக் கீழே கவனம், 500-க்குக் கீழே காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. இலங்கை ரிப்போர்ட்களில் 2.3 என்று போட்டிருப்பார்கள், அதை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பல லேப்கள் குழந்தைக்கும் பெரியவர்களின் இயல்பளவையே அச்சடித்துத் தருகின்றன. ஓரத்தில் இருக்கும் மேல்நோக்கிய அம்பையும் கீழ்நோக்கிய அம்பையும் நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

வெள்ளணு குறைந்ததும் ஹீமோகுளோபின் குறைந்ததும் ஒரே காரணத்தால் வந்தவையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெற்றோர் மட்டுமல்ல, சில சமயம் இளம் மருத்துவர்களும் ஒரே விடையைத் தேடி அலைவார்கள். இந்தக் குழந்தையின் விஷயத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

வெள்ளணுக் குறைவு அபூர்வம் இல்லை. மாற்று அறுவைக்குப் பின் முதல் ஆறு மாதங்களில் அடிக்கடி வருவதுதான். பட்டியலில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக்கூட இல்லை, அதற்குத் துணையாகக் கொடுக்கும் வால்கான்சிக்ளோவிரை. சைட்டோமெகலோ வைரஸைத் தடுக்கக் கொடுப்பது இது, எலும்பு மஜ்ஜையை நேரடியாக அழுத்தும். குழந்தைகளுக்கான அளவு ஒரு சூத்திரப்படி வரும்: 7 பெருக்கல் உடற்பரப்பு பெருக்கல் கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம்), நாளுக்கு அதிகபட்சம் 900 மி.கி. உங்கள் மகளின் உடற்பரப்பு ஏறத்தாழ 0.9 சதுர மீட்டர். கிளியரன்ஸைக் கணக்கிட உயரத்தை ஒரு மாறிலியால் பெருக்கி கிரியாட்டினினால் வகுப்பார்கள். 0.55 என்ற பழைய மாறிலியைப் போட்டால் கிளியரன்ஸ் 82 வரும், டோஸ் சுமார் 520 மி.கி. இப்போது பல லேப்கள் கிரியாட்டினினை என்சைம் முறையில் அளக்கின்றன, அதற்கு ஏற்ற மாறிலி 0.413. அதைப் போட்டால் கிளியரன்ஸ் 62, டோஸ் சுமார் 390. ஒரே குழந்தை, ஒரே ரத்தம், ஆனால் டோஸில் சுமார் 130 மி.கி. வித்தியாசம். அந்த 0.55 பழைய ஜாஃப் முறைக்கு உரியது, என்சைம் முறையில் அளந்தால் திருத்த வேண்டி வரலாம் என்று மருந்தின் விவரக் குறிப்பிலேயே இருக்கிறது. பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆகவே மகளுக்கு இப்போது எத்தனை மில்லிகிராம் போகிறது, அது எந்தத் தேதியின் கிரியாட்டினினை வைத்துக் கணக்கிட்டது என்று கேளுங்கள். இடையில் வாந்தி, பேதி வந்து கிரியாட்டினின் ஏறியிருந்தால் பழைய டோஸே கூடுதல் டோஸ் ஆகிவிடும்.

இரண்டாவது மைக்கோஃபினோலேட். அணுக்கள் பெருகத் தேவையான குவானோசினைப் புதிதாகச் செய்யும் பாதையை இது அடைக்கிறது. லிம்ஃபோசைட்டுகள் அந்தப் பாதையையே பெரிதும் நம்பியிருப்பதால்தான் மருந்து வேலை செய்கிறது, ஆனால் மஜ்ஜையின் மற்ற அணுக்களும் கொஞ்சம் அடிபடும். நியூட்ரோஃபில் குறைவு பெரும்பாலும் அறுவைக்குப் பின் 31-ஆம் நாளுக்கும் 180-ஆம் நாளுக்கும் இடையில் தெரியும், உங்கள் மகள் சரியாக அந்தக் காலத்தில் இருக்கிறாள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சதுர மீட்டருக்கு 600 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு வேளை என்ற புத்தக அளவு சைக்ளோஸ்போரினுடன் சேர்த்துக் கொடுக்க வகுக்கப்பட்டது. சைக்ளோஸ்போரின் மைக்கோஃபினோலேட் குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்குள் வருவதைத் தடுக்கும். டாக்ரோலிமஸ் தடுக்காது. அதனால் டாக்ரோலிமஸோடு அதே அளவைத் தொடர்ந்தால் உடலில் மருந்து அதிகமாகத் தேங்கும், பல மையங்கள் சில வாரங்களில் பாதியளவுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது இதனால்தான். ஸ்மியரிலும் இம்மருந்து ஒரு தடயம் விட்டுப்போவது உண்டு. நியூட்ரோஃபிலின் உட்கரு வழக்கம்போல் மூன்று நான்கு மடல்களாகப் பிரியாமல், மூக்குக்கண்ணாடி போல இரண்டு வட்டங்களோடு நின்றுவிடும். எண்ணும் இயந்திரம் இதை முதிராத அணுக்கள் என்று கணக்கிட, கடும் தொற்று என்றோ மஜ்ஜை நோய் என்றோ தவறாக எண்ணிவிடலாம். கண்ணால் ஸ்மியர் பார்த்த ஹெமடாலஜிஸ்ட் ஒருவர் சொன்னால்தான் தெரியும்.

கோ-ட்ரைமாக்சசோல் தனியாகப் பெரிய குற்றவாளி ஆவது குறைவு, மற்ற இரண்டோடு சேர்ந்தால் பளுவைக் கூட்டும். பிரெட்னிசோலோன் இதற்கு நேர்மாறு. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை ஓட்டத்துக்குள் இறக்கிவிட்டு எண்ணிக்கையை உயர்த்திக் காட்டும். சமீபத்தில் அதன் அளவைக் குறைத்திருந்தால், உண்மையில் மஜ்ஜை மோசமாகாமலே எண் இறங்கியதுபோல் தெரியலாம். வைரஸையும் விட்டுவிடக் கூடாது: எந்த வைரஸைத் தடுக்க வால்கான்சிக்ளோவிர் கொடுக்கிறோமோ, அந்த சைட்டோமெகலோ வைரஸே (சிஎம்வி) வெள்ளணுக்களைக் குறைக்கும். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை பார்க்காமல் மருந்தின் மேல் பழி போடுவது அவசரம்.

வழக்கமாக மையங்கள் எடுக்கும் படிகள் இவை. வால்கான்சிக்ளோவிர் அளவை முதலில் சரிபார்ப்பார்கள். தடுப்புக் காலம் முடியும் தறுவாயில் இருந்தால் நிறுத்திவிட்டு வாரம் ஒருமுறை சிஎம்வி பிசிஆர் எடுப்பார்கள். ஆனால் சிறுநீரகத்துக்குச் சரியான அளவிலிருந்து இன்னும் கீழே இறக்கி அரைகுறையாகத் தொடர்வது நல்லதில்லை, வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். கொடுத்தால் முழு அளவு, இல்லையென்றால் நிறுத்தம். அதற்குப் பிறகு மைக்கோஃபினோலேட்டைக் கால் பங்கோ பாதியோ குறைப்பார்கள். அந்தக் குறைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் நிராகரிப்பு வாய்ப்பு கூடும் என்பதால், எண்ணிக்கை மீண்டதும் திரும்ப ஏற்றும் தேதியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதை மறந்துவிடுவது நடக்கக்கூடியது. ஏஎன்சி 500-க்குக் கீழே போனால் நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி, கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் வீதம். பல குழந்தைகளுக்குச் சில ஊசிகளிலேயே எண்ணிக்கை எழும்பிவிடும். இந்தப் படிகள் எதிலும் டாக்ரோலிமஸ் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி ஹீமோகுளோபின். உண்மையில் அபூர்வமான விஷயங்கள் இங்கேதான் இருக்கின்றன, உங்கள் ரிப்போர்ட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மஜ்ஜை சிவப்பணு உற்பத்தியை முற்றிலும் நிறுத்திவிட்டது என்று வையுங்கள். 120 நாள் ஆயுளுள்ள அணுக்களில் ஒரு மாதத்தில் கால் பங்கு போய்விடும். 10.8-இல் கால் பங்கு 2.7, மீதம் 8.1 இருக்க வேண்டும். மகளுக்கு இருப்பது 7.1. உற்பத்தி முழுமையாக நின்றாலும் இவ்வளவு இறக்கம் வராது. சிறுநீரகம் சுணங்கினால் சிவப்பணுவின் ஆயுளும் குறையும், அடிக்கடி ரத்தம் எடுப்பதும் உண்டு, உடலில் நீர் கூடினாலும் எண் இறங்கும். ஆகவே இந்தக் கணக்கு மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால் அணுக்கள் சிதைகின்றனவா, எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் ‘மஜ்ஜை அழுத்தம்’ என்று எழுதி முடிக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

இரண்டையும் பிரிக்கும் பரிசோதனை மலிவானது, எந்த ஊரிலும் கிடைக்கும்: ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த சிவப்பணுக்கள் இவை. ஹீமோகுளோபின் 7 இருக்கும்போது இவை ஏறியிருந்தால் மஜ்ஜை உழைக்கிறது, வெளியே எங்கோ அணுக்கள் அழிகின்றன அல்லது கசிகின்றன. ஒரு சதவீதத்துக்கும் கீழே கிடந்தால் உற்பத்தியே இல்லை. அதோடு ஸ்மியர், டைரக்ட் கூம்ப்ஸ் (சிவப்பணு மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது), அணுச் சிதைவைக் காட்டும் எல்டிஹெச், ஹாப்டோகுளோபின், பிலிரூபின். இவை அனைத்துக்குமான ரத்தத்தை, ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் பார்ப்பது கொடையாளியின் அணுக்களையும் சேர்த்துத்தான். 7.1-இல் குழந்தை மூச்சிரைப்பு இல்லாமல், படபடப்பு இல்லாமல் நடமாடுகிறது என்றால் சில மணி நேரம் பொறுத்து இதைச் செய்ய இடம் இருக்கும்.

ரெட்டிகுலோசைட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்து, தட்டணு பரவாயில்லை என்றால் சிவப்பணு உற்பத்தி மட்டும் அற்றுப்போகும் நிலையை நினைக்க வேண்டும். மாற்று உறுப்பு பெற்ற குழந்தைகளில் இதற்கு முதல் சந்தேகம் பார்வோவைரஸ் பி19. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கன்னம் சிவக்கும் சாதாரணக் காய்ச்சலாக வந்து போவது இதே வைரஸ். சிவப்பணுவின் முன்னோடி அணுக்களுக்குள்ளேயே புகுந்து அழிக்கும். எதிர்ப்புச் சக்தி உள்ளவர் இரண்டு வாரத்தில் துரத்திவிடுவார், இந்தக் குழந்தைகளால் முடியாது. இங்கே அடிக்கடி நேரும் தவறு, ஆன்டிபாடி பரிசோதனை செய்து நெகட்டிவ் என்று விட்டுவிடுவது. ஆன்டிபாடி உண்டாக்க முடியாத குழந்தையிடம் ஆன்டிபாடி தேடிப் பயனில்லை, பிசிஆர்தான் வேண்டும். மஜ்ஜை பார்த்தால் ராட்சத அளவில் முன்னோடி அணுக்கள் தெரியும், பிசிஆர் தெளிவாக இருந்தால் மஜ்ஜை ஊசி தேவைப்படாமலும் போகலாம். சிகிச்சை ஐவிஐஜி (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் ஆன்டிபாடித் தொகுப்பு), மொத்தம் கிலோவுக்கு 2 கிராம் அளவில் சில நாட்களில் பிரித்து. கூடவே அடக்கும் மருந்துகளைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். குணமான பின்பும் பிசிஆரில் சிறிதளவு வைரஸ் மாதக்கணக்கில் தெரியும், ரெட்டிகுலோசைட் நன்றாக இருந்தால் அதற்காக மறுபடி சிகிச்சை வேண்டியதில்லை. ஐவிஐஜிக்கே ஒரு பக்கவிளைவு உண்டு: ஏ, பி, ஏபி வகை ரத்தம் உள்ளவர்களுக்கு அதிலுள்ள ஆன்டிபாடிகள் சிவப்பணுவைச் சிதைக்கலாம். ஊசி போட்ட பத்து நாளுக்குள் ஹீமோகுளோபின் இன்னும் இறங்கினால் இதையும் நினைக்க வேண்டும்.

வைரஸ் இல்லை என்றால் மருந்தால் வந்த உற்பத்தி நிறுத்தமா? மைக்கோஃபினோலேட்டுக்கு இது நடப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் எச்சரிக்கை சேர்த்தது. அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பலருக்கு மீண்டிருக்கிறது. டாக்ரோலிமஸ் மேல் இதே குற்றச்சாட்டு உண்டு, ஆனால் அங்கே ஆதாரம் மங்கல். பதிவான நோயாளிகளுக்கு பார்வோவைரஸோ, வேறு அடிப்படை நோயோ, இதே விளைவை உண்டாக்கும் இன்னொரு மருந்தோ கூடவே இருந்தது. அதனால் டாக்ரோலிமஸைக் கைகாட்டும் முன் மற்ற எல்லாவற்றையும் விலக்குவதுதான் நியாயம்.

ரெட்டிகுலோசைட் ஏறியிருந்து எல்டிஹெச்சும் ஏறி, ஹாப்டோகுளோபின் இறங்கியிருந்தால் கதை வேறு. இங்கே டாக்ரோலிமஸ் உண்மையிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரை அது காயப்படுத்த, அங்கே சின்னச் சின்ன ரத்தக் கட்டிகள் அடைக்க, அந்த இடுக்கில் புகுந்து வரும் சிவப்பணுக்கள் கிழிபடும். டிஎம்ஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். ஸ்மியரில் உடைந்த துண்டுகள் தெரியும், தட்டணு இறங்கும், கிரியாட்டினின் ஏறும், கூம்ப்ஸ் நெகட்டிவாக இருக்கும். மகளின் தட்டணு 1.9 லட்சம் என்பது இயல்பான எண்தான், ஆனால் போன மாதம் எவ்வளவு என்று பாருங்கள். 4 லட்சத்திலிருந்து 1.9-க்கு வந்திருந்தால் அது இயல்பு என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குப் பாதிப்பு மாற்றுச் சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கிவிடும், ரத்தத்தில் எதுவும் தெரியாது, பயாப்ஸியில்தான் பிடிபடும். தட்டணு திடீரென்று விழுந்ததாக ரிப்போர்ட் வந்தால் இன்னொன்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்: ரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ குழாயில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இயந்திரம் குறைத்து எண்ணும், சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் உண்மை தெரியும்.

டிஎம்ஏ என்று உறுதியானால் மருந்தின் மேல் மட்டும் பழி போட்டு நிற்கக் கூடாது. மகளின் சொந்தச் சிறுநீரகங்கள் ஏன் கெட்டன என்ற பழைய கேள்வி மறுபடி எழும். இதேபோல் நுண்குழாய்கள் அடைபட்டுச் சிறுநீரகம் கெடும் ஹெச்யுஎஸ் என்ற நோயால் கெட்டிருந்தால், அதிலும் கிருமியால் வராத, காம்ப்ளிமென்ட் எனும் ரத்த எதிர்ப்புப் புரதங்களின் கோளாறால் வரும் வகை என்றால், அது புதிய சிறுநீரகத்திலும் திரும்பலாம். இந்தியக் குழந்தைகளில் காம்ப்ளிமென்டைக் கட்டுப்படுத்தும் புரதமான ஃபேக்டர் ஹெச்-க்கு எதிரான ஆன்டிபாடியால் வரும் ஹெச்யுஎஸ் மற்ற நாடுகளைவிட அதிகம் என்பது நன்கு பதிவாகியிருக்கிறது. காரணம் தெரியாமல் சிறுநீரகம் செயலிழந்தது என்று பழைய கோப்பில் எழுதியிருந்தால் அதைத் தூசு தட்டி எடுத்துப் போங்கள். மருந்தால் வந்தது என்றால் டாக்ரோலிமஸைக் குறைப்பது அல்லது வேறொன்றுக்கு மாற்றுவது. காம்ப்ளிமென்ட் நோய் என்றால் சிகிச்சையே வேறு.

கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்றால் உடலே தன் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடும் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி மிகையாகி வரும் நோயா என்று தோன்றும். ஆனால் இது நடக்கிறது, குடல், கல்லீரல் மாற்று செய்த சிறு குழந்தைகளில் அதிகம், சிறுநீரகத்தில் குறைவு. டாக்ரோலிமஸ், தாக்கும் அணுக்களை அடக்கும்போது அவற்றைக் கட்டுப்படுத்தும் அணுக்களையும் சேர்த்து அடக்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். நம்பத்தகுந்த விளக்கம்தான், முழுதும் நிரூபணமானது என்று சொல்ல முடியாது. ஸ்டீராய்டு, ஐவிஐஜி, ரிடக்சிமேப், டாக்ரோலிமஸிலிருந்து சிரோலிமஸுக்கோ சைக்ளோஸ்போரினுக்கோ மாறுவது எல்லாம் பலன் தந்திருக்கின்றன. எது முதலில் என்பதற்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் கிடையாது, மையத்துக்கு மையம் மாறும். உறுப்போடு வந்த கொடையாளியின் லிம்ஃபோசைட்டுகள் பெறுபவரின் சிவப்பணுவைத் தாக்கும் இன்னொரு வகை உண்டு, ஓ வகைக் கொடையாளியிடமிருந்து ஏ வகைக் குழந்தைக்கு வரும்போது. அது முதல் சில வாரங்களில் வந்து தானே அடங்கும், ஐந்தாம் மாதத்துக்குப் பொருந்தாது.

டாக்ரோலிமஸ் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ரத்தசோகையின்போது இதில் சறுக்குவது எளிது. இம்மருந்தில் பெரும்பகுதி சிவப்பணுவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், முழு ரத்தத்தில்தான் அளக்கிறார்கள். சிவப்பணு குறைந்தால் அளவும் குறைவாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும் தனி மருந்து குறைந்திருக்காது. அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து டோஸை ஏற்றினால் கை நடுக்கமும் கிரியாட்டினின் ஏற்றமும் வரும். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினையும் டாக்ரோலிமஸ் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கும் நாளில் இரவு டோஸ் முடிந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், காலை டோஸை ரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். பேதி பிடித்தால் அளவு இறங்கும் என்று நினைப்போம், டாக்ரோலிமஸ் பல குழந்தைகளில் எகிறும், குடல் சுவர் அதைத் தடுத்து வெளியே தள்ளும் திறனை இழப்பதால். கிளாரித்ரோமைசினும் ஃப்ளுகோனசோலும் ஏற்றும், ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் இறக்கும். பம்பளிமாஸ் பழமும் ஏற்றும் வகை.

வேறு நோய்களுக்காக இதே வகை மருந்து எடுக்கும் குழந்தைகளின் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் சிலவற்றைத் தொட்டுப் போகிறேன். அசாதியோபிரின் ஆரம்பிக்கும் முன் அந்த மருந்தை உடைக்கும் டிபிஎம்டி என்சைம் பார்க்கச் சொல்வது பழைய வழக்கம். ஐரோப்பியரில் அதன் முழுக் குறைபாடு சுமார் 300 பேரில் ஒருவருக்கு. ஆனால் 2014-இல் கொரியாவில் கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயாளிகளிடம் என்யுடிடி15 மரபணு மாற்றம் கண்டறியப்பட்ட பிறகு, கிழக்காசியருக்கும் தெற்காசியருக்கும் அதுவே முக்கியம் என்று தெரிந்தது. டிபிஎம்டி மட்டும் பார்த்து இயல்பு என்று வந்ததை வைத்து நம் பிள்ளைகளுக்கு முழு அளவு கொடுப்பது பாதிப் பரிசோதனைதான். இந்த மாற்றம் இரண்டு பிரதியிலும் இருக்கும் குழந்தைக்கு முதல் சில வாரங்களில் தலைமுடி திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டும். தலையணையில் முடி என்பது இங்கே அழகுப் பிரச்சினை இல்லை, அன்றே சிபிசி (முழு ரத்த அணு எண்ணிக்கை) எடுக்க வேண்டிய அறிகுறி. யூரிக் அமிலத்துக்காக அலோப்யூரினால் சேர்த்தால் அசாதியோபிரின் அளவை மூன்றில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழோ இறக்க வேண்டும், இல்லையென்றால் மஜ்ஜை முடங்கும்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் குழந்தைகளில் பெரும் விபத்து பக்கவிளைவால் வருவதைவிட எண்ணிக்கைப் பிழையால் வருகிறது. வாரம் ஒருமுறை, சதுர மீட்டருக்கு 10 முதல் 15 மி.கி. என்பதைத் தினமும் கொடுத்துவிடுவார்கள், அல்லது 2.5 மி.கி. மாத்திரைக்குப் பதில் 10 மி.கி. வாங்கிவிடுவார்கள். வாய்ப்புண் முதலில் வரும், அடுத்து எல்லா அணுக்களும் விழும். ஃபோலினிக் அமிலம் உடனே கொடுக்க வேண்டும், வழக்கமான ஃபோலிக் அமிலம் அந்த வேலையைச் செய்யாது. இவர்களுக்குச் சளி, சிறுநீர்த் தொற்று என்று யாராவது கோ-ட்ரைமாக்சசோல் எழுதினால் மறுத்துவிடுங்கள். சிறுநீரில் புரதம் கசியும் நெஃப்ராட்டிக் நோயுள்ள குழந்தைகளுக்கு லெவமிசோல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும்போது நியூட்ரோஃபில் குறையலாம், நிறுத்தினால் மீளும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சிபிசி போதும். சைக்ளோஃபாஸ்ஃபமைட் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்த வெள்ளணு 4,000-க்குக் கீழே போனால் நிறுத்தி வைப்பார்கள். ரிடக்சிமேப் போட்டு ஒன்று முதல் ஆறு மாதம் கழித்துத் தாமதமாக நியூட்ரோஃபில் விழுவது உண்டு, அதற்குள் ஊசி போட்டதையே வீட்டில் மறந்திருப்பார்கள். சிரோலிமஸ் எடுப்பவர்களுக்கு இரும்பு நிறைய இருந்தும் சிவப்பணு சிறுத்துப்போகும், இரும்பு டானிக் கொடுத்து அது மாறாது.

வீட்டில் செய்ய வேண்டியவை. ஏஎன்சி 713 இருக்கும் இப்போது காய்ச்சலை அளக்கும் முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். 100.4 டிகிரி தொட்டால் இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனை, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கக் கூடாது, இப்யூபுரூஃபன் சிறுநீரகத்துக்கு ஆகாது. ரத்தம் ஊறட்டும் என்று மாதுளைச் சாறும் பீட்ரூட் சாறும் தினமும் கொடுப்பது நம் வீடுகளில் இயல்பு. டாக்ரோலிமஸும் கோ-ட்ரைமாக்சசோலும் ரெண்டுமே பொட்டாசியத்தை ஏற்றும், அந்தச் சாறுகளிலும் பொட்டாசியம் அதிகம். கேட்காமல் கொடுக்காதீர்கள். தட்டணு குறைந்தால் பப்பாளி இலைச் சாறு என்று யாராவது சொல்வார்கள், ரத்தக்குழாய்க்குள் ரத்தக் கட்டி அடைத்து தட்டணு செலவாகும் நோய்க்கு அதில் விடை இல்லை. சீந்தில் கொடி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று பேர் வாங்கியது, நாம் அடக்கப் பாடுபடுவதும் அதையேதான். கல்லீரலை அது பாதித்ததை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கோ-ட்ரைமாக்சசோலை நிறுத்தி அதற்குப் பதிலாக டாப்சோன் எழுதினால், ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் என்சைம்) பார்த்துவிட்டீர்களா என்று கேளுங்கள். அந்தக் குறைபாடு இருந்தால் டாப்சோன் சிவப்பணுவை நிச்சயம் சிதைக்கும். தடுப்பு அளவு கோ-ட்ரைமாக்சசோல் அப்படிச் செய்யுமா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. அணுச் சிதைவு நடக்கும்போதோ ரத்தம் ஏற்றிய உடனேயோ ஜி6பிடி பார்த்தால் இயல்பு என்று பொய்யாக வரலாம். டாப்சோன் எடுக்கும் குழந்தைக்கு உதடு நீலம் பாரித்து, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 85-ஐச் சுற்றியே நின்று, ஆக்சிஜன் கொடுத்தும் ஏறவில்லை என்றால் அது நுரையீரல் கோளாறாக இல்லாமல் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மாறிய மெட்ஹீமோகுளோபினாக இருக்கக்கூடும்.

ரத்தம் ஏற்றுவது தவிர்க்க முடியாமல் போனால், கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. சிவப்பணு மூன்று நான்கு மணி நேரத்தில், ஹீமோகுளோபின் இரண்டு மூன்று கிராம் உயரும். வெள்ளணு நீக்கிய பை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கொடையாளியின் வெள்ளணுக்கள் உள்ளே போனால் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி, இந்தச் சிறுநீரகத்துக்கும் பின்னாளில் தேவைப்படக்கூடிய அடுத்த சிறுநீரகத்துக்கும் எதிராக நிற்கும். கதிர்வீச்சு செய்த ரத்தம் வேண்டுமா என்பதை அறுவையின்போது லிம்ஃபோசைட்டுகளை அழிக்கும் ஏடிஜி அல்லது அலெம்டுசுமாப் கொடுத்தார்களா என்பதை வைத்து மையம் சொல்லும். அப்பாவும் சித்தப்பாவும் கொடுக்க முன்வருவார்கள், கொடுக்கட்டும், ஆனால் அது ரத்த வங்கியின் இருப்பில் சேர்ந்து வேறு யாருக்காவது போகட்டும். நெருங்கிய உறவின் ரத்தத்தில் உள்ள லிம்ஃபோசைட்டுகளைக் குழந்தையின் உடல் அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம், அவை பெருகித் தாக்கினால் மீட்பது மிகக் கடினம். அப்பா நாளைக்குச் சிறுநீரகம் கொடுக்க வேண்டியவராகவும் இருக்கலாம் என்பது இன்னொரு காரணம்.